வெயில் ஊரில் சத்தமில்லாத கணினி

திருவண்ணாமலையில் அண்ணாமலையார் கோயிலிலிருந்து மலையை வலம் வரக் கிளம்புகிறவர்கள் பாதித் தூரத்தைத் தாண்டியதும், மலையின் மேற்குப் பக்கத்தில் அடி அண்ணாமலை வருகிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும். மற்ற இரவுகளில் ஊர் சீக்கிரமே அடங்கிவிடும். நகரத்தில் வண்டி இரைச்சலுக்குள் மறைந்துபோகிற சின்னச் சத்தங்கள் இப்படிப்பட்ட ஊரில் தனித்தனியாகக் காதில் விழும். இங்கே வீட்டில் உட்கார்ந்து தேவாரம் ஒலிப்பதிவு செய்கிறவருக்கோ, தீபத் திருவிழாவின் வீடியோவை எடிட் செய்கிறவருக்கோ வேகமான டெஸ்க்டாப் கணினி தேவை. அது சத்தம் போடாமலும் இருக்க வேண்டும். கூடவே, கேட்காமலே வந்து சேர்கிற மூன்றாவது விஷயம் வெயில். சித்திரையிலும் வைகாசியிலும் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுகிற வட்டாரம் இது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, இருட்டிப் பல மணி நேரம் ஆன பிறகும் பகலில் வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். சத்தமில்லாத கணினி அமைப்பது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி 20, 22 டிகிரி அறையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. அது நல்ல விசிறியைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கும். வெயில் ஊரில் அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். முதலில் முடிவு செய்ய வேண்டியது கணினி எத்தனை வாட் எரிக்கலாம் என்பதை. அடுத்தது அந்த வெப்பத்தைப் பரப்பிவிடும் உலோகத்தின் பரப்பு, அதற்கடுத்தது காற்று போய் வரும் வழி. விசிறியின் முறை கடைசியில்தான் வருகிறது.

சத்தத்தை அளக்கும் டெசிபல் மடக்கை அளவு. அதனால் எண்கள் நேராகக் கூடுவதில்லை. ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு விசிறிகள் ஓடினால் 3 டெசிபல்தான் ஏறும். பத்து ஓடினால் 10 டெசிபல் ஏறும். காதோ அந்த 10 டெசிபல் ஏற்றத்தை ஏறத்தாழ இரண்டு மடங்குச் சத்தமாகத்தான் உணர்கிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல், மருத்துவமனை, பள்ளி போன்றவற்றைச் சுற்றியுள்ள அமைதி மண்டலத்துக்கு இரவில் 40 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அவை தெருவுக்கான வரம்புகள். அமைதியான ஊரில், மூடிய அறைக்குள், இரவு நேரத்து ஒலி 30 டெசிபல் பக்கம் இறங்கிவிடும். முழு வேலையில் இருக்கும் வேகமான கணினி, உட்கார்ந்திருப்பவரின் காதருகே 45 டெசிபலை எளிதாக எட்டும். அதாவது தெருவில் இரவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவை மேஜைக்கடியில் வைத்துக்கொள்கிறோம். நம் வீடுகளின் டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் கான்கிரீட் கூரையும் இதை இன்னும் மோசமாக்குகின்றன. கம்பளமும் கனத்த திரைச்சீலையும் உறிஞ்சிக்கொள்ளும் ஒலியை இவை திருப்பி அனுப்பும். விசிறியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண் எதிரொலியில்லாத சோதனை அறையில் எடுத்தது. அதை நம் அறைக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

கணினியில் கேட்கிற சத்தத்தில் பெரும்பகுதி வெப்பத்தை வெளியேற்றும் வேலையின் சத்தம். கணக்குப் போடும் வேலைக்குச் சத்தமே கிடையாது. ஆகவே சத்தத்தின் கதையை வெப்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 2022இல் வந்த ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் கணக்குப் போடும் பகுதி இரண்டு சிலிக்கான் சில்லுகள்; ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மில்லிமீட்டர். இரண்டையும் சேர்த்தாலும் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் தேறாது. இந்தச் செயலி 230 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறது, அதில் பெரும்பகுதி அந்த இடத்துக்குள்ளேயே வெப்பமாகிறது. வெப்பம் சில்லிலிருந்து செப்பு மூடிக்கும், தெர்மல் பேஸ்ட் வழியாக, உலோகத் தகடுகள் அடுக்கிய ஹீட்சிங்குக்கும், அங்கிருந்து காற்றுக்கும் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் போகிற வாட்டுக்கு ஏற்ப வெப்பநிலை ஒரு படி இறங்கும். கடைசிப் படி அறைக்காற்று. சில்லுக்கும் அறைக்காற்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் நம் கையில் இருக்கும் மூலதனம். எல்லாப் படிகளும் அதற்குள் அடங்க வேண்டும்.

இங்கேதான் ஊர் கணக்குக்குள் வருகிறது. சில்லை 80 டிகிரியில் நிறுத்த விரும்புகிறோம் என்று கொள்வோம். அறை 22 டிகிரி என்றால் கைவசம் 58 டிகிரி. அதே கணினி அடி அண்ணாமலையில் மே மாதப் பிற்பகலில் 38 டிகிரி அறையில் இருந்தால் 42 டிகிரிதான். மூலதனம் 28 விழுக்காடு குறைந்துவிட்டது. வாட்டைத் தொடாமல் இதைச் சரிக்கட்ட வேண்டுமானால் ஹீட்சிங்கின் வெப்பத்தடையை அதே 28 விழுக்காடு குறைக்க வேண்டும், அதற்கு விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும். தகடுகளுக்கிடையே காற்றின் வேகம் கூடக் கூட வெப்பத்தடை இறங்கும். ஆனால் அதே விகிதத்தில் இறங்காது. ஹீட்சிங்க் வடிவமைப்பவர்கள் பயன்படுத்தும் வழக்கமான தொடர்பை வைத்துக் கணக்கிட்டால் காற்றோட்டத்தை ஏறத்தாழ 1.6 மடங்காக்க வேண்டியிருக்கிறது. விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் 15 டெசிபல் ஏறும் என்பது பொறியாளர்களின் பழைய விதி. அதன்படி 1.6 மடங்கு என்பது 10 டெசிபல். ஒரே பெட்டி, ஒரே பாகங்கள், ஒரே வேலை. அறை மட்டும் மாறியதும் காதுக்கு இரண்டு மடங்கு இரைச்சல். சில்லுக்கும் செப்பு மூடிக்கும் இடையிலுள்ள தடையை விசிறியால் குறைக்க முடியாது என்பதையும் சேர்த்தால் உண்மை நிலை இதைவிட மோசமாகத்தான் இருக்கும். ஐரோப்பிய அறையில் முனகலாக இருந்தது இங்கே இரைச்சலாக மாறுவதற்கு விசிறி செய்த நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

விசிறியின் வேகத்தை ஏற்றித் தீர்க்க முயல்வது ஏன் தோற்கும் வழி என்பதற்கு விசிறி விதிகளே சான்று. சுற்றும் வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு மடங்கு, அழுத்தம் நான்கு மடங்கு, விசிறி தின்னும் மின்சாரம் எட்டு மடங்கு. கிடைக்கும் லாபம் நேர்விகிதத்தில், கொடுக்கும் விலை கனவிகிதத்தில். வாட்டைக் குறைப்பதிலோ இது அப்படியே தலைகீழாக நமக்குச் சாதகமாகிறது. சில்லு எரிக்கும் திறன், அது துடிக்கும் வேகத்தோடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பெருக்கியதற்கு ஏற்ப மாறுகிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். ஆகவே உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் வாட்டு ஏறத்தாழ வேகத்தின் கனமாக ஏறுகிறது. வேகத்தில் பத்து விழுக்காட்டை விட்டுக்கொடுத்தால் வாட்டில் 27 விழுக்காடு மிச்சம். இருபது விழுக்காட்டை விட்டால் கிட்டத்தட்ட பாதி. இது உச்சிக்கு அருகே மட்டும் பொருந்தும். ஓரளவுக்குக் கீழே மின்னழுத்தம் இறங்காது, அதன் பிறகு வேகத்தைக் குறைத்தால் வேலைதான் தாமதமாகும், லாபம் கிடைக்காது. இன்றைய வேகமான செயலிகளும் கிராபிக்ஸ் கார்டுகளும் தொழிற்சாலையிலிருந்தே அந்த உச்சியில் ஏற்றி வைக்கப்பட்டு வருகின்றன என்பதால்தான் இந்தக் கணக்கு நமக்குப் பயன்படுகிறது.

ஏன் அப்படி வருகின்றன என்பதற்கு வரலாறு இருக்கிறது. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974இல் ஒரு விதியைக் காட்டினார்கள்: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எரியும் வாட்டு மாறாது, வேகமோ கூடிக்கொண்டே போகும். முப்பது ஆண்டுகள் கணினித் துறை இந்த வரத்தில் வாழ்ந்தது. 2005 வாக்கில் அது தீர்ந்துபோயிற்று. மின்னழுத்தத்தை மேலும் குறைத்தபோது டிரான்சிஸ்டர்கள் அணைந்த நிலையிலும் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கின. 2004இல் இன்டெல் பென்டியம் 4 வரிசை 3.8 கிகாஹெர்ட்ஸில் நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் தருவதாகச் சொன்ன திட்டத்தை நிறுவனமே கைவிட்டது. அதன் பிறகு ஒரே செயலிக்குள் கோர்களின் எண்ணிக்கையைப் பெருக்கினார்கள். போட்டி முற்றியதும், சோதனை அட்டவணையில் சில விழுக்காடு முன்னே நிற்பதற்காக மின்னழுத்தத்தை மறுபடியும் விளிம்புவரை தள்ளினார்கள். 2022இன் கோர் ஐ9-13900கே செயலியின் அடிப்படைத் திறன் 125 வாட். உச்சத்தில் 253 வாட். விளிம்பில் ஓட்டுவதற்கு விலையும் உண்டு. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகள் சில நிலைகுலைவதற்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் காரணம் என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது.

ஆகவே அமைதியான கணினிக்கான முதல் தேர்வு, கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையில் இருக்கும் ஓர் எண். 7950எக்ஸ் செயலிக்கு ஏஎம்டி நிறுவனமே ஈகோ மோட் என்ற பெயரில் குறைந்த வரம்புகளைத் தருகிறது. 230 வாட்டை 142 வாட்டாக இறக்கினால், எல்லா கோர்களும் முழு மூச்சில் ஓடும் வேலைகளில் இழப்பு சில விழுக்காடுதான். 88 வாட்டுக்கு இறக்கினாலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வேகம் மிஞ்சுகிறது. ஓரிரு கோர்கள் மட்டும் உழைக்கும் வேலைகளில், அதாவது அன்றாடம் நாம் உண்மையில் காத்திருக்கிற பெரும்பாலான வேலைகளில், வித்தியாசமே தெரியாது; அவற்றுக்கு அந்த வாட்டு முன்பும் தேவைப்படவில்லை. ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டின் வரம்பு 450 வாட். அதை எழுபது விழுக்காட்டுக்கு, 315 வாட்டுக்கு, இறக்கிச் சோதித்தவர்கள் கண்ட இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வாங்குவதற்கு முன்பே யோசிக்கிறவருக்கு இதைவிட நேரான வழி இருக்கிறது: 88 வாட் வரம்போடே வரும் ரைசன் 9 7900, 200 வாட் ஆர்டிஎக்ஸ் 4070. இரண்டும் சேர்ந்து 288 வாட். மற்ற பாகங்களோடு 350 வாட்டுக்குள் முழு கணினியும் முடிந்துவிடும். இந்த மாடல் எண்கள் சில ஆண்டுகளில் பழையவையாகிவிடும். புதிய தலைமுறையிலும் பட்டியலின் உச்சியில் இருப்பதற்கு ஒரு படி, இரண்டு படி கீழே இப்படி ஒரு ஜோடி கட்டாயம் இருக்கும். அதைத்தான் தேட வேண்டும்.

முழுப் பணம் கொடுத்து வாங்கிய வேகத்தை நாமே ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் கடைசிச் சில விழுக்காட்டுக்குக் கொடுக்கும் விலை கடையில் கொடுத்ததோடு நிற்பதில்லை என்பதுதான் பதில். 700 வாட் கணினிக்கும் 350 வாட் கணினிக்கும் உள்ள வித்தியாசம், நாளுக்கு ஆறு மணி நேர முழு வேலையில், 2.1 யூனிட். இரண்டு மாத பில் காலத்தில் 126 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2016இல் அறிவிக்கப்பட்ட இலவச மின்சாரமே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான். அந்தக் கூடுதல் 350 வாட்டும் சுவருக்கு வெளியே போகவில்லை; அறைக்குள்தான் கொட்டுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பம் விடும். மூன்று பேருக்கும் கூடுதலான ஆட்கள் அறையில் வந்து உட்கார்ந்ததற்குச் சமம். அறை சூடேறினால் கையிலிருக்கும் மூலதனம் இன்னும் சுருங்கும், விசிறி இன்னும் வேகமெடுக்கும். குளிர்நாட்டில் இந்த வெப்பம் அறையைக் கதகதப்பாக்க உதவும். இங்கே அது வட்டிக்கு வட்டி.

இதற்கெல்லாம் தண்ணீர்க் குளிர்விப்பான் போட்டால் போயிற்று என்று நினைப்பவர்கள் நிறைய. தண்ணீர் என்றதும் மண்பானை நினைவுக்கு வருகிறது. பானைத் தண்ணீர் அறையைவிடக் குளிர்ந்திருப்பதற்குக் காரணம் அது கசிந்து ஆவியாவது. கணினிக்குள் ஓடும் தண்ணீர் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, ஆவியாக வழியில்லை. அது வெப்பத்தைச் சில்லிலிருந்து ரேடியேட்டருக்குச் சுமந்துபோகிற கூலியாள் மட்டுமே. ரேடியேட்டர் அந்த வெப்பத்தை இறக்கிவைப்பது அதே 38 டிகிரி அறைக்காற்றில். பெரிய ரேடியேட்டரின் பரப்பு அதிகம் என்பது உண்மையான அனுகூலம். 250 வாட் செயலியை எப்படியும் ஓட்டியாக வேண்டும் என்றால் அது தேவைப்படும். ஆனால் அதோடு பம்பும் வருகிறது. கணினி சும்மா இருக்கும்போதும் ஓடுகிற, மெல்லிய சுதியோடு ஒலிக்கிற இன்னொரு மோட்டார் அது. 100, 140 வாட் செயலிக்கு இரட்டைக் கோபுர ஹீட்சிங்க் போதும். அதிலுள்ள வெப்பக் குழாய்கள் தாமே ஒரு நுட்பமான தண்ணீர் ஏற்பாடுதான். காற்று நீக்கிய செப்புக் குழாயில் சில துளி நீர். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் படிந்து, உள்சுவரின் நுண்துளைகள் வழியாகத் தானே திரும்பி வரும். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய இந்தக் கருவிக்கு மோட்டார் இல்லை, சத்தமும் இல்லை. வாட்டைக் குறைத்தவருக்கு இது மலிவாகக் கிடைக்கும் பரிசு.

அடுத்தது கேபினட். இதில் கவனம் வைத்தால் விசிறிக்குச் செலவழிப்பதைவிடப் பலன் அதிகம். வெப்பத்தைக் காற்று சுமந்துபோகும் கணக்கு எளிமையானது: உள்ளே வரும் காற்று 10 டிகிரி சூடேறி வெளியே போகலாம் என்றால், 350 வாட்டுக்கு நொடிக்கு 31 லிட்டர் காற்று வேண்டும், 700 வாட்டுக்கு 62 லிட்டர். ஆஸ்திரியாவின் நாக்டுவா செய்யும் பெயர்பெற்ற 120 மில்லிமீட்டர் விசிறி, முன்னே தடையேதும் இல்லாதபோது, முழு வேகமான 2000 ஆர்பிஎம்மில் தள்ளுவது நொடிக்கு 28 லிட்டர். வலைக்கும் தகடுகளுக்கும் இடையில் அந்த எண் வெகுவாகக் குறையும். ஒரு விசிறியை 1500 ஆர்பிஎம்மில் ஓட்டுவதற்குப் பதில் மூன்றை 500இல் ஓட்டினால் மொத்தக் காற்று அதேதான். ஆனால் ஒவ்வொன்றின் சத்தமும் 24 டெசிபல் இறங்கி, மூன்று சேர்வதால் 5 டெசிபல் ஏறி, நிகரமாக 19 டெசிபல் லாபம் என்று விதி சொல்கிறது. இந்த லாபத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. 500 ஆர்பிஎம்மில் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த நோஞ்சான் அழுத்தம் கண்ணாடி முகப்பின் ஓரச் சந்துக்குள் காற்றை இழுக்காது. சென்னை ரிச்சி தெருவில் கண்ணாடி முகப்பும் வண்ண விளக்குமாக நிற்கும் கேபினட்கள் கண்ணை இழுக்கும். இந்த வேலைக்கு வேண்டியது முகப்பு முழுக்கத் துளையிட்ட வலைத் தகடு. ஒலி உறிஞ்சும் நுரை ஒட்டி, முகப்பை மூடி, அமைதிக்கென்றே விற்கும் கேபினட்டும் இங்கே சரிப்படாது. சத்தத்தைத் தடுக்கிற நுரை காற்றையும் தடுக்கும். 22 டிகிரியில் அந்த நஷ்டத்தைத் தாங்கலாம், 38இல் முடியாது.

விசிறியைப் பற்றிப் பேச இப்போதுதான் நேரம். எத்தனை டெசிபல் என்பதைவிட எப்படிப்பட்ட சத்தம் என்பது முக்கியம். ஒன்பது இதழ் விசிறி 1000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 150 முறை காற்றை வெட்டும். அந்த 150 ஹெர்ட்ஸ் ஒரு சுதியாகக் காதில் நிற்கும். சுதியுள்ள ஒலியை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதில் காது வெகு கெட்டி. மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கருப்புக் கரணை, தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை இசை விகிதத்துக்குக் கொண்டுவருவதால்தான் அது வெறும் தட்டலாக இல்லாமல் நாதமாகக் கேட்கிறது என்று சி.வி. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். இசைக்கு வரமான காதின் அந்தக் கூர்மை இங்கே தொல்லையாகிறது. பக்கத்திலேயே இரண்டாவது விசிறி 1008 ஆர்பிஎம்மில் ஓடினால் 151.2 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து நொடிக்கு ஒரு தடவைக்குச் சற்று மேலாக ஏறி இறங்கும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் விம்மல் என்று படிப்பது இதுதான். தம்புராவைச் சுதி சேர்க்கிறவருக்கு நன்றாகத் தெரிந்த ஒலி. முன்னே இருக்கும் விசிறிகளுக்கும் பின்னே இருப்பதற்கும் வேண்டுமென்றே ஐம்பது, நூறு ஆர்பிஎம் வித்தியாசம் வைத்தால் அந்த மெதுவான ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறியதும் பாய்ந்து, இறங்கியதும் பதுங்குகிற விசிறியும் இதே அளவு எரிச்சல். சற்றுக் கூடுதலான ஒரே சீரான சத்தம் அதைவிட மேல். ஆகவே பயாஸில் வெப்பநிலைக்கேற்ப விசிறி வேகத்தைக் காட்டும் வரைகோட்டைத் தட்டையாக வைத்து, வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதமும் கொடுக்க வேண்டும். 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க்கும் 120 ஹெர்ட்ஸில் முனகி மேஜையையே அதிரவைக்கும். கணினிக்குள் எஸ்எஸ்டி மட்டும் போதும். ஹார்டு டிஸ்க் வேண்டுமென்றால் அதை வேறு இடத்தில் வைக்கலாம்.

மேலே மின்விசிறி கடகடவென்று ஓடும் வீட்டில் கணினிச் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற ஆட்சேபம் எனக்கு எல்லாவற்றையும்விட வலுவானதாகப் படுகிறது. பாதி உண்மை அதில் இருக்கிறது. மின்விசிறியின் சத்தம் பெரும்பாலும் சீரான காற்றிரைச்சல்; அதன் கீழே இருக்கும் சீரான காற்றிரைச்சலை அது மூடிவிடும். சுதியுள்ள முனகலையும் ஏறி இறங்கும் சத்தத்தையும் அப்படி மூடுவதில்லை. அமைதி மிக அவசியமாகும் நேரத்தில், அதாவது மைக்கைத் திறந்து பாட்டோ பேச்சோ பதிவு செய்யும்போது, முதலில் அணைப்பது மின்விசிறியைத்தான். அப்போது அறை சூடேறும், கணினி விசிறி வேகமெடுக்கும், அதை மூட வேறு சத்தமும் இருக்காது. ஏசி போடலாமே என்பதற்கும் இதே பதிலின் ஒரு பகுதி பொருந்தும்: ஒலிப்பதிவின்போது அதையும் அணைக்க நேரும். ஒரு டன் ஏசி அகற்றும் வெப்பம் சுமார் 3500 வாட்; 700 வாட் கணினி அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும். கரண்டு போனால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஏசியை இழுக்காது. கணினியையே பக்கத்து அறையில் வைத்து, சுவரில் துளை போட்டு, ஒளியிழை டிஸ்ப்ளே கேபிளும் யுஎஸ்பி கேபிளும் கொண்டுவருவது மற்றவற்றைவிட நல்ல யோசனை. இடமும் சொந்த வீடும் உள்ளவர் அதைத் தாராளமாகச் செய்யலாம். வாடகை வீட்டில் ஒற்றை அறையில் இருப்பவருக்கு வாட்டைக் குறைப்பதுதான் வழி.

கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது எல்லோரும் 80 பிளஸ் திறன் சான்றிதழில் தங்கமா வெள்ளியா என்று பார்ப்பார்கள். அந்தச் சான்றிதழ் சோதனை நடப்பது 23 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில். நமக்கு அதைவிட முக்கியமான எண் பெட்டியின் பக்கவாட்டிலோ தயாரிப்பாளரின் அட்டவணையிலோ சின்ன எழுத்தில் இருக்கும்: முழு வாட்டையும் எத்தனை டிகிரி வரை தரும் என்பது. சிலவற்றில் 40, நல்லவற்றில் 50. அறை 38 என்றால் கேபினட்டுக்குள் 45ஐத் தாண்டும்; 40 டிகிரி எஸ்எம்பிஎஸ் அங்கே தன் வாக்குறுதிக்கு வெளியே நிற்கிறது. 350 வாட் கணினிக்கு 650 அல்லது 750 வாட் கொண்ட, 50 டிகிரிக்கு உத்தரவாதம் தரும் எஸ்எம்பிஎஸ் சரியாக இருக்கும். பாதிச் சுமையில் அதன் திறன் உச்சத்தில் இருக்கும், விசிறியும் மெதுவாகவே ஓடும். யுபிஎஸ் விஷயத்திலும் குறைந்த வாட்டு கைகொடுக்கிறது. வீடுகளில் சாதாரணமாக வைக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட்தான். மானிட்டரையும் சேர்த்தால் நம் கணினிக்கு 1000 அல்லது 1100 விஏ வேண்டும். 700 வாட் கணினிக்கோ பெரிய யுபிஎஸ் தேவைப்படும், அத்தகையவற்றில் பெரும்பாலும் சொந்த விசிறி இருக்கும். அமைதிக்காக வாங்கிய பாகங்களின் பக்கத்தில் இன்னொரு சத்தம் வந்து உட்காரும்.

கிரிவலப் பாதையோர ஊரில் புழுதிக்குப் பஞ்சமில்லை. கேபினட்டில் உள்ளே இழுக்கும் விசிறிகள் வெளியே தள்ளுபவற்றைவிடக் கூடுதலாக இருந்தால், உள்ளே அழுத்தம் சற்று உயர்ந்து, சந்து பொந்துகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும்; புழுதி வடிகட்டி இருக்கும் வாசல் வழியாக மட்டும் வரும். வடிகட்டியை மாதம் ஒருமுறையாவது கழற்றித் தட்டாவிட்டால் மேலே சொன்ன காற்றுக் கணக்கெல்லாம் வீணாகிவிடும். பின்பக்கம் காலியாக இருக்கும் கார்டு இடங்களைத் தகடு வைத்து அடைப்பதும் அவசியம். கதகதப்பைத் தேடி வரும் பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் புகுந்து ஷார்ட் ஆக்குவது நம் ஊர்களில் அறியாத சங்கதியல்ல.

இந்த வாதத்துக்குள் முழுசாக அடங்காத சத்தம் ஒன்று இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் உள்ள சுருள்கள், மின்னோட்டம் ஏறி இறங்கும்போது மிக நுண்ணிய அளவில் அதிர்ந்து கீச்சிடும். ஒரே மாடலில் ஒரு கார்டு கீச்சிடும், அடுத்தது கீச்சிடாது. எந்த அட்டவணையும் இதை முன்கூட்டிச் சொல்லாது. விசிறிச் சத்தம் அடங்க அடங்க இது இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பதால் வாட்டைக் குறைத்தவருக்குத்தான் இது முதலில் தெரியவரும். வாங்கும்போதே திருப்பித் தரும் வசதி உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. விளையாட்டு, முப்பரிமாணக் காட்சி போன்றவற்றில் மானிட்டர் காட்டக்கூடிய 60 அல்லது 120 பிரேமுக்கு மேல் கார்டு வரையாதபடி வரம்பு வைத்தால் கீச்சு பெரும்பாலும் தணியும். தேவையில்லாத பிரேம்களுக்காக எரிந்துகொண்டிருந்த வாட்டும் கூடவே இறங்கும்.